ஏரிக்குப் போகாத ஆமை

ஜூன் 14, 2025

பின் தெருவில் வீடு காலி செய்கிறார்கள். கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறியான பிறகு வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசின் மட்டும் மிச்சம். எட்டிப் பார்த்தேன். நாலு விரல் உயரத் தண்ணீரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் குங்குமக் கோடு இழுத்தது போலச் சிவப்பு.

“பையன் ஆறாவது படிக்கிறப்போ வாங்கினதுக்கா. அப்போ அஞ்சு ரூபா காசு அளவுதான் இருந்துச்சு. இப்ப அவன் காலேஜ் போயிட்டான். ஃபிளாட்டுல எங்க வெக்கிறது? போற வழியில ஏரியில விட்டுடலாம்னு இருக்கோம். அதுவாவது சுதந்திரமா இருக்கட்டுமே.”

அந்தப் பெண் இரக்கத்தோடுதான் சொன்னாள். பீர்க்கன்கரணை ஏரி ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகவே கிடக்கிறது. இரண்டு நிமிட வேலை. “என்கிட்ட குடுத்துடும்மா” என்று வாங்கி வந்துவிட்டேன். பெயர் ராஜாவாம்.

ஜூன் 15

அம்மா காலையிலிருந்து பேசவில்லை. பேசியபோது, “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதுடி” என்றாள். தமிழாசிரியராக இருந்த அப்பா இந்தப் பழமொழிக்கு வேறு விளக்கம் சொல்வார்: அது ஆமை இல்லை, ஆம்பி. ஆம்பி என்றால் காளான். ஈரம் ஏறிக் காளான் பூத்த வீடு தாங்காது என்பதுதான் மூலம் என்பார். அம்மாவிடம் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 17

ஆமை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இன்று கவனித்தேன், இரண்டு கண்ணும் வீங்கி இமை ஒட்டியிருக்கிறது. ஈரத்துணி விரித்த வாளியில் வைத்துப் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். எழும்பூரில் இறங்கி வேப்பேரி கால்நடை மருத்துவமனை.

“என்ன சாப்பாடு போட்டாங்க?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். காய்ந்த இறால் டப்பா ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள் என்றேன். வைட்டமின் ஏ குறைந்தால் கண் இப்படி வீங்குமாம். கண் தெரியாததால் தீனி தெரியவில்லை, அதனால் பட்டினி. ஊசி போட்டார். அளவு மீறினால் தோலே உரிந்துவிடும், நீங்களாக மருந்துக்கடையில் வாங்கி ஊற்றாதீர்கள் என்று எச்சரித்தார். ஓட்டின் ஓரம் மேலே மடங்கியிருப்பதையும் காட்டினார். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் வளர்ந்த ஓடு, இனி நேராகாது.

முன்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ராஜா இல்ல, ராணி” என்றார். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளமாக இருக்குமாம். இதற்குக் குட்டை.

ஜூன் 29

கொல்லையில் கிடந்த பழைய கழனித்தொட்டியை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஆமையின் ஓட்டு நீளத்தைவிட இரண்டு மடங்காவது ஆழம், நீந்த நல்ல அகலம், ஏறிக் காய நாலு செங்கல் மேடை. பாதிக்கு நிழல். மேலே காக்கைக்கும் பூனைக்கும் வலை. வெயில் நேராகப் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு இருக்கும், எலும்புக்கு வேண்டிய புறஊதாக் கதிர் இருக்காது. அந்தப் பையன் ஏழு வருடம் ஜன்னலோரம்தான் வைத்திருந்தானாம். பாவம், அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஜூலை 9

கண் திறந்துவிட்டது!

முருங்கைக்கீரையை நீட்டினேன். கழுத்தை நீட்டி ஒரு கவ்வு. பிறகு தலையை நீருக்குள் இழுத்து முன்னங்காலால் கிழித்து விழுங்கினாள். நீருக்கு வெளியே இவற்றால் விழுங்க முடியாது. குட்டியில் புழு பூச்சி மீன் என்று இறைச்சி கேட்கும். வளர்ந்தால் கீரை, நீர்ச்செடி பக்கம் திரும்பிவிடும். டப்பாத் தீனி போடும் வீடுகளில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

தொட்டித் தண்ணீர் வாழைக்குப் போகிறது. சமையலறைத் தொட்டியில் ஆமையின் எதையும் கழுவுவதில்லை, ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். சால்மோனெல்லா கிருமிக்கு அஞ்சித்தான் அமெரிக்கா 1975-லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளின் விற்பனையைத் தடை செய்தது. அங்கே மிசிசிப்பி ஆற்றுப் பகுதிதான் இவளுக்குச் சொந்த ஊர்.

ஆகஸ்ட் 3

அங்கிருந்து இங்கே எப்படி வந்தாள்? 2023-ல் திருச்சி விமான நிலையத்தில் மலேசியாவிலிருந்து வந்த பயணிகளிடம் இதே இனத்தின் 6,850 குட்டிகள் பிடிபட்டன. போன வருடம் சென்னையில் கிட்டத்தட்ட 5,000. பிடிபடாதவை தொட்டிமீன் கடைகளுக்கு வருகின்றன; வாஸ்து, அதிர்ஷ்டம் என்று விற்கிறார்கள். காசு அளவில் வாங்கும் குட்டி, பெண்ணாக இருந்தால் ஓரடி நீளம்கூட வளரும், இருபது முப்பது ஆண்டு வாழும் என்று எந்தக் கடைக்காரர் சொல்கிறார்? வளர்ந்தபின் எல்லோருக்கும் ஏரி ஞாபகம் வருகிறது.

உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரிகளின் பட்டியலில் இந்த ஆமை இனம் இருக்கிறது. ஐரோப்பாவின் குளங்களில் உள்ளூர் ஆமைகளை வெயில் காயும் இடத்திலிருந்தே விரட்டியது. 1997-ல் அங்கே இறக்குமதியை நிறுத்தினார்கள். 2018-ல் திருச்சூர் காளத்தோடு வாய்க்காலில் கண்டுபிடித்த பிறகு, கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடமிருந்தே இவற்றைக் கேட்டு வாங்கத் தொடங்கியது. குவாஹாட்டி உக்கிரதாரா கோயில் குளத்திலும் இருக்கின்றன. நம் ஏரிச் சேற்றில் வாழும் பாலாமையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது, வீட்டில் வைத்தாலே குற்றம். அதன் ஏரியில் இவளை விட்டால் அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

செப்டம்பர் 11

இரண்டு நாளாக நிலைகொள்ளவில்லை. செங்கல்மேல் ஏறிப் பின்னங்காலால் பறிக்கிறாள். டாக்டருக்குப் போன் செய்தேன். முட்டை! ஆண் இல்லாமலும் முட்டை வைக்குமாம். மண் கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய பேசின் இருந்ததே, அதில் ஈர மணல் நிரப்பி உள்ளே விட்டேன்.

ராத்திரி எட்டரைக்குத் தொடங்கினாள். ஒரு கால் மாற்றி ஒரு கால், ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மணல். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குள் ஏழு முட்டை, கோழி முட்டையைவிடச் சிறிதாய், நீள்வட்டமாய், வெள்ளையாய். பின்னங்காலாலேயே மூடி மேலே தட்டிவிட்டு நகர்ந்தாள். அவை பொரிக்காது. “பிள்ளை பெத்த உடம்பு, நாளைக்கு ரெண்டு மீன் வாங்கிப் போடு” என்றாள் அம்மா.

அக்டோபர் 26

மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஏறுகிறது. மழைக்காலத்தில் தண்ணீரைப் பார்த்ததும் விட்டுவிடலாம் என்று தோன்றும் நேரம் இது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று வளர்ந்து நின்றால் ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். வளர்க்கக்கூடிய ஒருவர் கையில் கொடுங்கள். ஆமை வளர்க்க ஆசை என்றால் கடையில் குட்டி கேட்காதீர்கள். காலி செய்யும் வீடுகளில் பெரிய ஆமைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ஒரு தொட்டியும் வெயில் விழும் மாடியும் அடுத்த இருபது வருடமும் உங்களிடம் இருக்கவேண்டும்.