45 லிட்டர் தூரம்

ஈரோட்டிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டர். போய்வர எங்கள் பழைய எர்டிகா டீசலுக்கு ஒரு டேங்க் போதும். டேங்க் பிடிப்பதே 45 லிட்டர்தான். விடியற்காலை ஊரில் நிரப்பிக்கொண்டு சங்ககிரி, சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று பிடித்தால், முள் பாதியைத் தொடும் நேரத்துக்குத் தாம்பரம் வந்திருக்கும். திரும்பி வந்து வாசலில் நிறுத்தும்போதும் அடியில் கொஞ்சம் கிடக்கும். மறுநாள் தோட்டத்துக்குப் போய்வர அது ஆகும்.

அந்த வண்டி வீட்டில் இருந்தவரை தூரம் என்பது எங்களுக்கு நேரக் கணக்கு மட்டுமே. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, இருட்டுமுன் வந்துவிடலாமா? பேச்சு இவ்வளவோடு முடிந்துவிடும். எண்ணெய்க்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறோம். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்துக்குள் ஒரு கூட்டல் ஓடுகிறது. டீசல் போனதில் நான் இழந்தது, கணக்குப் பார்க்காத அந்த மனத்தைத்தான்.

அதற்குப் பதிலாக வந்த புது வண்டியைக் குறைசொல்ல மாட்டேன். ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல், தானியங்கி கியர். 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதுவும் 1,500 சுற்றிலேயே கைக்கு வந்துவிடுகிறது. பழையதற்கு 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். இரண்டு வண்டிகளின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எல்லா வரியிலும் புதியதுதான் முன்னால் நிற்கும், ஒரு வரியைத் தவிர. பழைய வண்டிக்குச் சோதனைச் சான்றிதழ் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 20.77 கிலோமீட்டர். பைபாஸில் அளவாக ஓட்டினால் நிஜமாகவே பத்தொன்பது, இருபது கிடைத்தது. புதியது பைபாஸில் பதினான்கு, ஊருக்குள் பத்து.

அந்த டீசல் இன்ஜினுக்குத் தனி வரலாறு உண்டு. ஃபியட்டின் மல்ட்டிஜெட், 1,248 சிசி. 2003-ல் போலந்தில் தயாரிப்புத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் டீசலை ஒரே வீச்சாகப் பீய்ச்சாமல், கணினி சொல்லும் கணத்தில் சிறுசிறு துளியாகப் பல தடவை தெளிப்பது அதன் நுட்பம். அதனால் எரிதல் சீராகும், தட்டும் சத்தம் குறையும், எண்ணெயும் மிச்சம். 2007-ல் ஸ்விஃப்ட் டீசலில் ஏறி இங்கே வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் சொந்த புன்டோ, லீனியா என்று ஆளுக்கொரு பெயர் வைத்து எல்லோரும் அதையே பொருத்தினார்கள். இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கார் பத்திரிகைகள் எழுதின. மிகையில்லை. ஒரு காலத்தில் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்தாலும் அதுதான் உட்கார்ந்திருந்தது.

எங்கள் மெக்கானிக் தம்பி நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்பார். நான்கையும் கேட்டு முடித்து, "நாலும் ஒரே தாளமா இருக்குதுங்ணா, ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்பார். கேட்டே நோய் கண்டுபிடிக்கக்கூடிய வண்டி அது. ஆயிலை நேரத்துக்கு மாற்றி, டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்துவிட்டால் வேறெதுவும் கேட்காது.

நாங்கள் அதை வாங்கியது எர்டிகா அறிமுகமான 2012-ல். டீசலைத் தேர்ந்தெடுக்க அன்று பெரிய யோசனை தேவைப்படவில்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு தன் பிடியிலிருந்து விட்டுவிட்டது. டீசலை 2014 அக்டோபர் வரை விடவில்லை. நடுவில் பெட்ரோல் ஏறிக்கொண்டே போக, நாங்கள் வாங்கிய சமயத்தில் லிட்டருக்கு இருபது, முப்பது ரூபாய் வித்தியாசம் விழுந்தது. ஷோரூமில் பெட்ரோல் வண்டி உடனே கிடைத்தது. டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம்.

அப்பாவுக்கு விலைக் கணக்கைவிட வேறு காரணம் இருந்தது. டீசல் என்றால் அவருக்குக் கிணற்று மேட்டு ஆயில் இன்ஜின். தோட்டத்துக்குக் கரண்ட் வரும்வரை தண்ணீர் இறைத்தது அதுதான். ஹேண்டிலைச் செருகி, மேலே இருக்கும் லிவரைத் தூக்கிவிட்டு, இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றி, கனத்த சக்கரம் வேகம் பிடித்ததும் லிவரைத் தட்டிவிட வேண்டும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் வயல் நிறையும்வரை ஓடும். பற்றவைக்க பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கினால் சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1890-களில் ஜெர்மனியில் உருவாக்கிய இன்ஜினும், எங்கள் எர்டிகாவின் இன்ஜினும் அடிப்படையில் இந்த ஒன்றுதான். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்த வகை இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள் என்று அப்பாவிடம் ஒருநாள் சொன்னேன். கடலை போட்டு வளர்ந்தவர் அவர். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "ஓடும் கண்ணு. அது எதை ஊத்துனாலும் ஓடும்" என்றார்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஒரு சுருள் விளக்கு எரியும். இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக் வேலை செய்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊர் வெயிலுக்கு அது எரிந்த வேகத்தில் அணைந்துவிடும். ஆனாலும் அது அணையாமல் ஸ்டார்ட் செய்ய அப்பா விடமாட்டார். ஓடி முடிந்து நிறுத்தும்போதும், டர்போ ஆறட்டும் என்று அரை நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். அந்த இரண்டு இடைவெளிகளிலும்தான் வீட்டில் மறந்த பொருள்கள் எல்லாம் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. குடையோ, மாத்திரை டப்பாவோ, அத்தைக்குக் கொடுக்க வேண்டிய முருங்கைக்காயோ.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் திம்பம் மலைப்பாதை தொடங்குகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து கரும்பு லாரி இறங்கும், கீழேயிருந்து பாரம் ஏற்றிய லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். இரண்டும் ஒரு வளைவில் சந்தித்துவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். அங்கே அந்த டீசல் இன்ஜினின் குணம் தெரிந்தவனுக்குத்தான் வண்டி ஏறும். 1,800 சுற்றுக்குக் கீழே முள் இறங்கினால் அது சோர்ந்துவிடும். இரண்டாயிரத்தைத் தொட்டதும் டர்போ பிடித்துக்கொள்ளும். ஏழு பேரும் அவர்களின் மூட்டைகளும் இருப்பதே தெரியாமல் மேலே இழுக்கும். ஆகவே வளைவு கண்ணுக்குத் தெரியும்போதே இரண்டாம் கியருக்கு வந்து, முள்ளைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங் திரும்பி நேராகும் அந்த இடத்தில் காலைக் கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் வயிற்றுக்கடியிலிருந்து யாரோ தூக்கிவிட்டது மாதிரி இருக்கும். முன்னால் முறுக்கிக்கொண்டு நிற்கும் லாரியைப் பார்த்தால் யோசிக்காமல் முதல் கியர். இது புத்தகத்தில் இல்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. காதும் இடது காலும் சேர்ந்து கற்றுக்கொண்டவை. திம்பம் உச்சியில் நிறுத்தி, கீழே பவானிசாகர் அணைத் தண்ணீர் வெயிலில் மின்னுவதைப் பார்க்கும்போது, ஏறிவந்த பாதையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

புது வண்டியிலும் திம்பம் போனோம். கியர் போடும் வேலையே இல்லை. காலை வைத்தால் வைத்த கணத்தில் பாய்கிறது. எந்த வளைவிலும் அது தயங்கவில்லை. பின் சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு அது நல்ல வண்டி. அப்பா முன் சீட்டில் கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஓடுதா நிக்குதான்னே தெரியலையே" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உச்சிக்கு வந்துவிட்டோம், ஏறின ஞாபகம் இல்லை.

பின்னே ஏன் மாற்றினோம் என்றால், காரணங்கள் உண்மையானவை. பிள்ளைகளைப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் கொண்டுபோய் விடுவது மனைவிதான். பன்னீர்செல்வம் பார்க் நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தபிறகு, இங்கேயும் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற யோசனையும் இருந்தது. பெட்ரோல், டீசல் விலை வித்தியாசமும் இப்போது பத்து ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. திரும்பவும் அதே இன்ஜினில் புது வண்டி எடுக்கலாம் என்றால் அந்த வழியும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜினை அந்த அளவுக்குச் சுத்தமாக்க ஆகும் செலவை அந்த விலை வண்டி தாங்காது என்று மாருதி டீசலையே கைவிட்டது. தேசிய இன்ஜின் புது வண்டிகளிலிருந்து மறைந்துபோனது.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் வண்டி வாங்கிய அதே 2012-ல், ஜூன் மாதம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக அறிவித்தது. எங்கள் வண்டியின் பின்பக்கக் கரியை நான் துணியால் துடைத்திருக்கிறேன். தெருப்பிள்ளைகள் மூச்சில் அது போயிருக்கும். அந்த விதிகள் வந்தது நியாயம். டீசல் எல்லோருக்கும் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நியாயம் என்று தெரிவதால் ஏக்கம் குறைவதும் இல்லை.

விற்றது சென்னிமலைப் பக்கத்து நெசவுக்காரர் ஒருவருக்கு. பின் சீட்டை மடக்கினால் பெட்ஷீட் பண்டல் எத்தனை அடுக்கலாம் என்று கையால் அளந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். விலையில் அதிகம் பேரம் பேசவில்லை. ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டு, "நல்லா வச்சிருந்திருக்கீங்க" என்றார். அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. அது வேலைக்குப் போகிறது, சும்மா நிற்கப் போவதில்லை என்பதில் ஒரு நிறைவும் இருந்தது.

வண்டியோடு எங்களை விட்டுப் போன வழக்கம்தான் பெரிய இழப்பு. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் வாயில் ஓர் ஊர்ப்பெயர் வரும். கொடுமுடி போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டு வரலாமா என்பார் அம்மா. தாராபுரம் வழியாகப் பழனி போனால் திரும்பும்போது ஒட்டன்சத்திரத்தில் காய் வாங்கலாம் என்பாள் மனைவி. அம்மாயி வீட்டுக்குப் போய் நாளாச்சு என்பான் பையன். மத்தியானத்துக்குள் ஏழு சீட்டும் நிறைந்திருக்கும். கல்யாணம், காது குத்து, பதினாறாம் நாள் காரியம் எதற்கும், எவ்வளவு தூரமானாலும், "நம்ம வண்டி இருக்கே" என்று உறவுக்காரர்களையும் ஏற்றிக்கொள்வோம். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரியப்பா, அத்தை, மாமா முறைகள் தெரிந்தது அந்தக் கடைசி சீட்டில் நெருக்கி உட்கார்ந்து போன பயணங்களில்தான்.

இப்போது வண்டியின் வலு ஏறக்குறைய இரண்டு மடங்கு. போகிற ஊர்கள் பாதியாகிவிட்டன. யாரும் தீர்மானம் போட்டு நிறுத்தவில்லை. ஊர்ப்பெயர் வாயில் வருவதற்கு முன்பே மனம் கிலோமீட்டரைப் பதினான்கால் வகுத்து நூறால் பெருக்கிவிடுகிறது. கல்யாணத்துக்கு ஒருவர் போய் மொய் வைத்துவிட்டு வந்தால் போதாதா என்ற பேச்சு வீட்டில் முதல்முறையாக வந்தது. சென்னைக்கு இப்போது ஏற்காடு எக்ஸ்பிரஸில் போகிறோம். இரவு ஈரோட்டில் ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். வசதிதான். ஆனால் உளுந்தூர்பேட்டையில் காலை டிபனுக்கு நிறுத்துவதும், பாட்டை மாற்றச் சொல்லிப் பிள்ளைகள் சண்டை போடுவதும் அதில் கிடையாது.

மகளுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. கியர் வண்டியில்தான் கற்றுக்கொள்வேன் என்கிறாள். திம்பத்தில் நான் இரண்டாம் கியர் போடுவதை நடு சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். தோட்டத்து உபயோகத்துக்கு என்று பழைய மல்ட்டிஜெட் வண்டி ஒன்றைத் தேடித்தரும்படியும், பணம் எவ்வளவு வரை போகலாம் என்றும் மெக்கானிக் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனவாரம் கூப்பிட்டார். கோபியில் ஒன்று, பவானியில் ஒன்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டுமே சரியில்லையாம்.

"நல்லா ஓடற வண்டியை வச்சிருக்கறவங்க யாரும் விடமாட்டேங்கறாங்ணா" என்றார். "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க."

பொறுக்கிறேன் என்றேன்.