தங்கச்சியின் கடையைத் தேடினேன், ஒல்லாந்து வந்தது!

என் உம்மா பிறந்தது நயினாதீவில். வாழ்க்கைப்பட்டது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டபோது, நாங்கள் மூன்று பெண்பிள்ளைகளும் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை. நான் இங்கேயே ஆசிரியையாகி, பாடசாலை நூலகத்தையும் கவனித்துக்கொண்டு தங்கிவிட்டேன். 2009இல் யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் கடைசித் தங்கச்சி மட்டும் உம்மாவின் ஊருக்கே திரும்பினாள்.

போன இடத்தில் கணவரை இழந்தாள். ஒரே மகள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள பெண்கள் பனையோலையில் இழைத்துத் தரும் பெட்டிகளையும், ஒடியல் மாவையும், புழுக்கொடியலையும் விற்றுத்தான் சீவியம். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருகிறவர்கள் வாங்கினால் உண்டு. குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாத நாட்களில் ஒன்றுமில்லை. "ராத்தா, படகு வராட்டி என்ட அடுப்பும் எரியாது" என்பாள்.

அதனால் மகள் ஓர் இணையத்தளம் அமைத்தாள். மூன்று மாதமாகியும் ஒரு ஓடர்கூட வரவில்லை. "பெரியும்மா, ஒருத்தரும் எங்களைக் காணுறாங்க இல்ல" என்று போனில் அழுதாள்.

கடையின் பெயரைக் கேட்டேன். நெடுந்தீவின் ஆங்கிலப் பெயரை வைத்து 'டெல்ஃப்ட் பொக்ஸ்' என்றாள். கூகுளில் தேடினேன். வந்ததெல்லாம் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரமும், அங்கே செய்யும் நீலப் பூப்போட்ட பீங்கான்களும்தான்! 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நயினாதீவு ஹார்லெம் ஆனது. வேலணைத் தீவு லைடன் ஆனது. அவை மறைந்துபோயின. நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெரிய நகரத்தின் நிழலில் தங்கச்சியின் கடை எங்கே தெரியப்போகிறது?

சகோதரிகளே, எனக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கவில்லை. ஆனால் நூலகம் தெரியும். ஒரு புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் பெயர் அட்டவணையில் ஏறாவிட்டால் கேட்டு வருகிறவர் கையில் அது சேராது. தேடுபொறியும் ஓர் அட்டவணைதான். அது தளங்களைச் சுற்றிப் பார்த்து, அவற்றிலுள்ள சொற்களைக் குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும்போது பொருத்தமானதை எடுத்துத் தருகிறது. ஆகவே இரவு இரவாகப் படித்தும் கேட்டும், இருவருமாகத் தளத்தைத் திருத்தத் தொடங்கினோம்.

முதலில், அட்டவணையில் நாம் இருக்கிறோமா என்று பார்த்தோம். கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதினால், கூகுள் அறிந்த பக்கங்கள் வரும். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. தளம் கட்டும்போது, 'தேடுபொறிகள் உள்ளே வரவேண்டாம்' என்ற கட்டத்தில் பிள்ளை அடையாளமிட்டிருக்கிறாள். வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டாள். கதவைப் பூட்டிவிட்டு விருந்தாளியை எதிர்பார்த்த கதைதான்!

அடுத்தது எழுத்து. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் செய்த நோட்டீஸை அப்படியே படமாகப் போட்டிருந்தாள். நம் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது ஒரு படம். எல்லாவற்றையும் யுனிகோட் தமிழில் திரும்பத் தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு படத்துக்கும், 'பனையோலை நீத்துப்பெட்டி, நயினாதீவு' என்பதுபோல ஒரு வரி விளக்கம் கொடுத்தோம். கைபேசியில் விரைவாகத் திறக்கும்படி படங்களின் அளவையும் குறைத்தோம்.

பிறகுதான் முக்கியமான பாடம். நம் வாயிலுள்ள சொல் வேறு. தேடுகிறவர் வாயிலுள்ள சொல் வேறு. நாங்கள் நீத்துப்பெட்டி என்போம். தமிழ்நாட்டுச் சகோதரி 'புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி' என்று தேடக்கூடும். நமக்கு ஒடியல் மா. அவருக்குப் பனங்கிழங்கு மாவு. நயினாதீவைச் சிங்கள மக்கள் நாகதீபம் என்றே அறிவார்கள். கூகுளில் இரண்டு எழுத்துத் தட்டினாலே மற்றவர்கள் தேடும் சொற்கள் கீழே வரிசையாக வருமே, அவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தோம். இரண்டு வழக்குகளையும் இயல்பாகப் பக்கத்தில் சேர்த்தோம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி நிரப்பக் கூடாது. அது மோசடியாகவே கருதப்படும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வைத்தோம். 'முகப்பு' என்றிருந்ததை, 'நெடுந்தீவு, நயினாதீவு பனையோலைப் பெட்டிகள் – யாழ்ப்பாணம், இலங்கை' என்று மாற்றினோம். கீழே இரண்டு வரி விளக்கம். இப்போது ஒல்லாந்தோடு போட்டியில்லை.

இனி பேஸ்புக், வட்ஸ்அப். பிள்ளை தினமும் காலையில் எல்லாக் குழுவிலும் வெறும் முகவரியை மட்டும் போட்டுச் சலிப்பேற்படுத்தியிருந்தாள். அதை நிறுத்தச் சொன்னேன். புதுப் பெட்டியை முதலில் எப்படிக் கழுவிக் காயவைப்பது, புட்டு ஒட்டாமல் எப்படி அவிப்பது என்று பயனுள்ள ஒன்றைப் படத்தோடு எழுதி, முடிவில் முகவரியைத் தரச் சொன்னேன். முகவரியை அனுப்பும்போது கூடவே தோன்றும் படத்தையும் தலைப்பையும் தளத்திலேயே முன்கூட்டிக் குறித்து வைக்கலாம். கேள்வி கேட்டவருக்கு அன்றே பதில் போக வேண்டும். பிள்ளைகளின் முகமும் வீட்டு முற்றமும் படத்தில் வேண்டாம்; பொருளும் இழைக்கும் கையும் போதும்.

இடையில் ஒருவர் போன் எடுத்து, பணம் கட்டினால் கூகுளில் முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொன்னார். தங்கச்சி காதிலிருந்ததைக் கழற்றக்கூடத் தயாராகிவிட்டாள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்டித் தடுத்தேன்.

உடனே அதிசயம் நடக்கவில்லை. கூகுளின் இலவச 'சேர்ச் கொன்சோல்' கருவியில் தளத்தைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது என்று அது சொல்லும். இரண்டாம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு சகோதரி ஏழு நீத்துப்பெட்டி கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்! இப்போது படகு ஓடாத வாரத்திலும் கட்டிவைக்கப் பார்சல் இருக்கிறது. பெட்டி இழைக்கும் நெடுந்தீவுப் பெண்களுக்கும் கூலி போகிறது.

ஒருநாள் அந்தக் கருவியின் பட்டியலைப் பார்த்த பிள்ளை என்னை அழைத்தாள். "பெரியும்மா, யாரோ 'நயினாதீவு பள்ளிவாசல்' எண்டு தேடியிருக்கிறாங்க. நாங்க அதைப் பத்தி ஒரு வரிதான் எழுதியிருக்கிறோம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் ஆட்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். அவர்களில் யாரோ ஒருவர், அல்லது அவருடைய பிள்ளை, எங்கோ ஒரு மூலையில் இருந்துகொண்டு ஊரைத் தேடுகிறார்.

"இண்டைக்கே உம்மும்மாட்டக் கேட்டு முழுப் பக்கம் எழுது" என்றேன். உம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதினாள். தலைப்பில் ஊரின் பெயரை மறக்காமல் போட்டாள்.