ஒரே செயல், வேறு பொருள்

கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் நான் கற்ற வங்கச் சொற்களுள் ஒன்று ‘சுசிபாய்’. சுசி என்றால் தூய்மை. பாய் என்பது வாயுவின் திரிபு, பித்து என்னும் பொருளில் வழங்குவது. நம் ஊரில் ‘சுத்தப் பைத்தியம்’ என்போமே, அதற்கு நிகரானது. இந்நகரின் மனநல மருத்துவர் அஜிதா சக்கரவர்த்தி இதனை வங்கச் சடங்குகளோடும், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயோடும் ஒப்புநோக்கி, சக ஆய்வாளருடன் 1975இல் கட்டுரை எழுதினார்.

சென்ற பூஜை விடுமுறையில் என் தம்பி வந்திருந்தான். டிராம் பயணச்சீட்டுகளை எண் வரிசைப்படி தரையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த வீட்டுக்கார மாஷிமா, பரிவோடுதான், அதே சொல்லைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவனது ஒன்பதாம் வயதில் ஊரில் ஓர் ஆலோசகரும் ‘ஓசிடி’ என்றே சொன்னார். அடுக்கினால் கலைத்துவிடுங்கள் என்றார். அவன் அடுக்கிய சோடா மூடிகளைக் கலைத்தவள் நான். அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். ஈராண்டு கழித்து, கைக்குழந்தைப் பருவம் முதல் எல்லாவற்றையும் கேட்டறிந்த வேறொரு மருத்துவரே ஆட்டிசம் என்று கண்டார்.

பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்கிறது தொல்காப்பியம். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் குதிரை. செயலுக்கும் இது பொருந்தும். ஓசிடியில், வேண்டாத எண்ணம் ஒன்று புகுந்து அச்சுறுத்துகிறது. அதைத் தணிக்கவே கை கழுவுகிறார், அடுக்குகிறார். அதில் இன்பமில்லை, கிடைப்பது சற்றுநேர விடுதலை. ஆட்டிசத்தில், பெரும்பாலும் அந்த ஒழுங்கே இன்பம், அல்லது இரைச்சல்மிக்க உலகில் ஓர் அமைதி. அது இளம்பருவத்திலேயே தொடங்குவது. பிறரோடு பழகுவதிலும் உரையாடுவதிலும் உள்ள வேறுபாடுகளோடு சேர்ந்தே காணப்படுவது. லியோ கானர் 1943இல் விவரித்த குழந்தைகளிடமும் மாறாமையின்மீது இத்தகைய பிடிப்பு இருந்தது.

ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். அச்சத்தைச் சொல்லத் தெரியாத குழந்தையிடம் பிரித்தறிவது கடினம். ஆனால் கலைப்பது எதற்கும் மருந்தன்று. ஓசிடிக்கான பயிற்சியில்கூட, நோயாளியே இசைந்து, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாதிருக்கப் பழகுகிறார்.

‘ஏன்டா அடுக்குற?’ என்று அன்று முதன்முறையாகக் கேட்டேன்.

‘நம்பர் அழகா போகுதுக்கா.’

மாஷிமாவுக்கு அதை வங்கத்தில் சொன்னேன். மறுநாள் தம் கைப்பையிலிருந்த நான்கு பழைய சீட்டுகளை அவனிடம் கொடுத்தார். சோடா மூடிகளைப் பற்றி நான்தான் இன்னும் அவனிடம் பேசவில்லை.