கோயில் பிக்கப் குடித்த தண்ணி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க. வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு உதவுற விஷயம் இருக்கு. நாங்க கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கு.

நம்ம கோயில் பிக்கப் உங்க எல்லாருக்கும் தெரியும். பதினோரு வயசு டீசல் வண்டி. உபயக்காரங்க காசு போட்டு வாங்கினது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் செலாயாங் மொத்தச் சந்தையில இருந்து காய்கறி ஏத்திட்டு வர்றது, தைப்பூசத்துக்குப் பத்துமலையில போடுற தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் கொண்டு போறது, எல்லாம் அதுதான். ரெண்டு வருஷமா அதை ஓட்டினது ஒரு தம்பி. பேர் வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, தூங்காம சந்தைக்குப் போற பையன்.

தைப்பூசத்துக்கு அஞ்சு வாரம் இருக்கும்போது, சந்தையில இருந்து வர்ற வழியில டோல் பக்கத்துல டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிடுச்சு. தம்பி உடனே ஓரமா நிறுத்தி, என்ஜினை அணைச்சிட்டு எங்களுக்குப் போன் அடிச்சாரு. போய்ப் பார்த்தா ரேடியேட்டர்ல தண்ணி பாதிக்குக் கீழே. "காலையில நான் பார்த்து ஊத்தினேன் அண்ணே"ன்னு சொன்னாரு. நாங்க நம்பல. கீழே ஒரு சொட்டு ஒழுகலைங்கிறப்போ தண்ணி எங்கே போகும்? பார்க்காமலே பார்த்தேன்னு சொல்றான்னு நெனச்சோம். சமையல்கட்டுல நாலு பேர் முன்னாடி அதைச் சொல்லவும் சொல்லிட்டோம். கோயில் வண்டியை வேற வேலைக்கு எடுத்துட்டுப் போறானோன்னு ஒருத்தர் கேட்டாரு. நாங்க மறுத்துப் பேசல.

மறுநாள் தம்பி சாவியை ஆபீஸ் மேசையில வெச்சிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசல.

அதுக்கு அப்புறம் நாங்களேதான் மாறி மாறி ஓட்டினோம். நாலே நாள்ல மறுபடியும் தண்ணி குறைஞ்சிருந்தது. அப்பதான் மனசுல சுருக்குன்னு பட்டது. ஃபேக்டரியில முப்பது வருஷமா எங்களுக்குச் சூப்பர்வைசர் வேலை. மெஷின்ல எண்ணெய் குறைஞ்சா ஆபரேட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி லாக் ஷீட்டைப் பாருன்னு புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதே நாங்கதான். கோயில்ல அதை மறந்துட்டோம். வண்டிக்கு ஒரு லாக் ஷீட்டே வெக்கலை.

அன்னிக்கே ஆரம்பிச்சோம். ரிசர்வ் டேங்க் மேல டேப் ஒட்டிக் கோடு போட்டோம். தினமும் காலையில, என்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ஆறிப் போன நிலையில மட்டும் அளவு பார்த்தோம். சூட்டுல தண்ணி விரிஞ்சு மேலே ஏறும், அப்போ பார்த்தா அளவு ஏமாத்தும். குறைஞ்சதை அளந்து ஊத்தி எழுதினோம். ராத்திரி வண்டிக்குக் கீழே அட்டை விரிச்சு வெச்சோம். பதினோரு நாள்ல ஊத்தினது மொத்தம் 1,400 மி.லி. அட்டையில ஒரு ஈரமும் இல்லை. பாரம் ஏத்திக்கிட்டு தாப்பா வழியா கேமரன் மலை ஏறி வந்த நாள்லதான் ரொம்பக் குறைஞ்சிருந்தது. சும்மா நின்ன நாள்ல குறைவே இல்லை. அந்தப் பதினோரு நாளும் தம்பி வண்டியைத் தொடவே இல்லை.

முதல்ல ரேடியேட்டர் மூடியை மாத்தினோம். மூடிதானேன்னு நினைக்காதீங்க. அது தண்ணியை அழுத்தத்துல பிடிச்சு வெக்குது. சாதாரணமா 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல 120 டிகிரி கிட்ட போனாதான் கொதிக்கும். மூடியில ரப்பர் தேஞ்சா அழுத்தம் நிக்காது, ஆவியாவே வெளியே போயிடும். ஆனா புது மூடி போட்டும் குறைஞ்சது.

அப்புறம் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு டெஸ்ட்டும் பண்ணாம, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, நாலாயிரம் வெள்ளி"ன்னு சொன்னாங்க. உண்டியல் காசு, உபயக் காசு. சந்தேகத்துக்கு நாலாயிரம் எடுத்துக் கொடுக்க மனசு வரல.

அடுத்து ஒரு வயசான சீனத் தவுக்கே பட்டறை. அவரு எங்க லாக் ஷீட்டை வாங்கி ரெண்டு தரம் படிச்சாரு. வண்டி நல்லா ஆறினதுக்கு அப்புறம் மூடி இடத்துல பிரஷர் டெஸ்டரை மாட்டி 15 பி.எஸ்.ஐ. ஏத்தினாரு. அரை மணி நேரத்துல முள் மெதுவா ரெண்டு இறங்குச்சு. டார்ச் அடிச்சு ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப்புக்குக் கீழே இருக்கிற சின்ன ஓட்டை எல்லாம் பார்த்தாரு. பம்ப் ஒழுகினா அந்த இடத்துல கூலன்ட் காய்ஞ்சு கலர் பொறுக்கு படிஞ்சிருக்கும். அப்படி எதுவும் இல்லை. "போச்சோர் டாலாம்"ன்னாரு. உள்ளே ஒழுகுது.

உள்ளேன்னா எங்கே? என்ஜின் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தாரு. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா எண்ணெயில தண்ணி கலக்குதுன்னு அர்த்தம். எண்ணெய் சுத்தமா இருந்தது. அடுத்து, ரேடியேட்டர் வாயில ஒரு நீலத் திரவ டெஸ்ட். எரிஞ்ச புகை தண்ணிக்குள்ள வந்தா அந்த நீலம் நிறம் மாறும். மாறல. அதோட கேஸ்கட் மேல சந்தேகம் பாதி குறைஞ்சது.

கடைசியில தவுக்கே ஒரு கேள்வி கேட்டாரு. "காலையில ஸ்டார்ட் பண்ணினதும் வெள்ளைப் புகை வருதா?" ஆமா, ஒரு நிமிஷம் வரும். மழை ஈரம்னு நெனச்சிருந்தோம்.

இப்போ வர்ற டீசல் வண்டிகள்ல புகையில ஒரு பங்கைத் திருப்பி என்ஜினுக்குள்ளேயே அனுப்புவாங்க. அந்தப் புகை சூடா இருக்கும். அதை ஆத்துறதுக்கு ஈ.ஜி.ஆர். கூலர்னு ஒண்ணு உண்டு. மெல்லிசான குழாய்க்குள்ள புகை போகும், வெளியே சுத்தி கூலன்ட் ஓடும். வருஷக்கணக்கா சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தக் குழாய்ல முடி மாதிரி விரிசல் விழுந்தா, கூலன்ட் புகையோட சேர்ந்து என்ஜினுக்குள்ள போய் ஆவியாகி எக்ஸாஸ்ட் வழியா போயிடும். கீழே ஒரு சொட்டும் விழாது.

குழாயைக் கழட்டிக் காட்டினாரு. காய்ஞ்ச கரி இருக்க வேண்டிய இடத்துல ஈரமான மை மாதிரி இருந்தது, லேசா இனிப்பு வாசனை. கூலரைக் கழட்டி, வாய் அடைச்சு, தண்ணி வாளியில முக்கிக் காத்து கொடுத்தாரு. ஒரு மூலையில இருந்து பொடிப் பொடியா குமிழ் வந்துச்சு.

வாளியைச் சுத்தி நின்ன நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல.

புதுக் கூலரும் கூலியும் சேர்த்து 1,150 வெள்ளி ஆச்சு. பில் ஆபீஸ்ல இருக்கு, யாரும் பார்க்கலாம். மாத்தினதுல இருந்து இன்னிவரைக்கும் டேப் கோடு இறங்கல. அப்படியே விட்டிருந்தா விரிசல் பெருசாகி, தண்ணி சிலிண்டருக்குள்ள நிறைஞ்சு என்ஜினே போயிருக்கும்னு தவுக்கே சொன்னாரு. அன்னிக்கு டோல்கிட்ட தம்பி உடனே அணைக்காம கோயில் வரைக்கும் ஓட்டியிருந்தாலும் அதே கதிதான். என்ஜினைக் காப்பாத்தினவரைத்தான் நாங்க திட்டினோம்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா கதவைத் திறந்தாங்க. "என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான், நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே"ன்னாங்க. எங்ககிட்ட பதில் இல்லை. தம்பிகிட்ட லாக் ஷீட்டைக் கொடுத்து மன்னிப்பு கேட்டோம். பொறுமையா படிச்சிட்டு, "தைப்பூசத்துக்கு வர்றேன் அண்ணே. சாவி மட்டும் வேற யார்கிட்டயாவது இருக்கட்டும்"னாரு. அப்படியே வந்தாரு. ராத்திரி முழுக்கப் பந்தல்ல நின்னு தண்ணி ஊத்திக் கொடுத்தாரு. சாவியை இன்னும் வாங்கிக்கல. வற்புறுத்துற உரிமை எங்களுக்கு இல்லை.

நாலு பேர் முன்னாடி சொன்னதை நாலு பேர் முன்னாடியே திருப்பி எடுத்துக்கணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு. தம்பி, தப்பு எங்களோடதுதான். மன்னிச்சிடுங்க.

வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு மூணு விஷயம். சூடான ரேடியேட்டர் மூடியை எந்த அவசரத்துலயும் திறக்காதீங்க, எங்கள்ல ஒருத்தர் கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. தண்ணி குறைஞ்சா ஊத்திட்டே போகாம, எவ்வளவு, எப்போன்னு எழுதி வைங்க. மீதி கூலன்ட்டை மினரல் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்கவே வெக்காதீங்க. அது இனிக்கும், ஆனா விஷம். பிள்ளைங்களும் கோயில் பூனைங்களும் நடமாடுற இடம்.

லாக் ஷீட் இப்போ ஸ்டோர் கதவுக்குப் பின்னாடி தொங்குது. யார் ஓட்டினாலும் எழுதணும், நாங்க உட்பட.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.