ஐந்தருவியிலிருந்து ஊருக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

ஐந்தருவியில் குளித்துவிட்டு வெளியே வந்தால் முதலில் நடுக்கம் வரும். அடுத்து பசி வரும். மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். அதற்கு மட்டும் யாரிடமும் சட்டென்று பதில் இருக்காது. "ஊருக்கு என்ன வாங்கிட்டுப் போறது?"

சீசன் களைகட்டிய ஒரு ஞாயிறு மாலை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வரிசையில் நிற்கிறது மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். வேன் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. கணவரின் கண் பழக்கடையில், மனைவியின் கண் மசாலா கடையில், பிள்ளைகள் இருவரின் கண்ணும் பிளாஸ்டிக் துப்பாக்கி தொங்கும் கடையில். மூட்டுவலியால் வர முடியாமல் வீட்டில் இருக்கும் அப்பத்தா, கீழ்வீட்டு அக்கா, ஆபீஸ் நண்பர்கள் என்று பட்டியல் நீள்கிறது. கையில் மிச்சம் இருப்பதோ 1,500 ரூபாய்.

"வாங்க அண்ணாச்சி, மங்குஸ்தான் பாருங்க!" என்று கடைக்காரர் கூப்பிடுகிறார்.

இந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் பலரும் கண்டதையும் வாங்கிவிட்டு, ஊருக்குப் போய்ப் பையைப் பிரித்ததும் முழிக்கிறார்கள். 'குற்றாலம்' என்று பெயர் எழுதிய சாவிக்கொத்தும் பிளாஸ்டிக் பொம்மையும் எந்த ஊர்த் திருவிழாவிலும் கிடைக்கும். இந்த மலைக்கும் மண்ணுக்கும் சொந்தமானவை எவை என்று தெரிந்துகொண்டால் அரை மணி நேரமே அதிகம்.

மங்குஸ்தான்... எண்ணிப் பார்த்து வாங்கலாம்!

ஐந்தருவிப் பக்கம் அரசு தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணை இருக்கிறது. பழத்தோட்ட அருவிக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் போன்ற பழங்கள் இந்தக் குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் நன்றாக வரும். அதனால் சீசன் மாதங்களில் கடைகளில் இவைதான் ராஜா.

மங்குஸ்தானைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தோல் லேசாக அமுங்கினால் நல்ல பழம். கல் மாதிரி இருந்தால் காய்ந்துபோன பழம். தோலில் மஞ்சள் பிசின் வழிந்திருந்தால் உள்ளே கசக்க வாய்ப்புண்டு. இன்னொரு சுவாரஸ்யம், பழத்தின் அடிப்பக்கம் சின்னப் பூ மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை!

ரம்புட்டானில் முடி பச்சையும் சிவப்புமாக விறைப்பாக இருக்க வேண்டும். கறுத்துச் சுருண்டிருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பழங்களையுமே கிளம்பும்போது கடைசியாக வாங்குவது நல்லது. காலையிலேயே வாங்கி வெயிலில் நிற்கும் வேனில் வைத்தால், ஊர் போய்ச் சேருவதற்குள் வாடிவிடும்.

துரியன் கதை வேறு. அதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையில், தேடி வந்து அதிக விலை கொடுத்து வாங்கும் தம்பதிகள் உண்டு. அதற்கு மருத்துவ ரீதியான நிரூபணம் இல்லை. ருசிக்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம். ஏக்கத்தோடு வாங்குகிறவர்கள், அந்தப் பணத்தோடு முதலில் டாக்டரைப் பார்ப்பதே நல்லது. இன்னொன்று, அடைத்த காரில் துரியன் வாசனையோடு நான்கு மணி நேரம் போவது சாதாரண விஷயமில்லை!

கிராம்பு, ஜாதிக்காய்... 200 வருஷத்துச் சொந்தம்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே குற்றாலத்தில் கிராம்பு, ஜாதிக்காய்த் தோட்டங்கள் போடப்பட்டன. கரீபியன் தீவான கிரெனடாவுக்குப் போகிறவர்கள் ஜாதிக்காய் வாங்காமல் திரும்ப மாட்டார்கள். அந்த நாட்டின் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. நமக்கு அதே ஜாதிக்காய், தென்காசிக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

மசாலா சாமானில் பெரிய வசதி, கெட்டுப்போகாது, கனமும் இல்லை. ஆனால், பார்த்து வாங்க வேண்டும். கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும், அல்லது செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. மிளகைத் தண்ணீரில் போட்டால், கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மேலே மிதக்கும். பட்டையில், மெல்லிசாகப் பல அடுக்காகச் சுருண்டிருப்பதுதான் அசல் லவங்கப்பட்டை. தடிமனாக ஒரே அடுக்காக இருந்தால் அது வேறு ரகம்.

பொடியாக வாங்குவதைவிட முழுசாக வாங்குவதே புத்திசாலித்தனம். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சிப்ஸ் சூடா இருக்கா?

பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மலையைத் தாண்டினால் கேரளா. அதனால்தான் இங்கே தேங்காய் எண்ணெய் மணக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்குக் குறைவில்லை. கண்ணெதிரே பொரித்துக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள். சூட்டோடு கட்டச் சொல்லாதீர்கள். ஆவி இறங்கி சிப்ஸ் நமத்துப்போகும்.

கலர் கலராக வெட்டி அடுக்கியிருக்கும் அல்வாவைத் திருநெல்வேலி அல்வா என்று நினைத்துவிட வேண்டாம். கோதுமைப் பாலில் நெய் சொட்டக் கிண்டும் அந்த அல்வா வேண்டுமென்றால், நெல்லை வழியாகத் திரும்புகிறவர்கள் அங்கேயே வாங்கலாம். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானும், புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயும் போனஸ். மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு வழியிலேயே புளியங்குடி எலுமிச்சையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இதெல்லாம் வேண்டாமே!

பெயர் விவரம் இல்லாத பாட்டிலில் வரும் 'சுத்தமான மலைத்தேன்', சர்வ நோய்க்கும் ஒரே தைலம் இரண்டிலும் கவனம் தேவை. தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது. லேபிளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். புலி நகம், மான் கொம்பு என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே வேண்டாம். அசல் என்றால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போலி என்றால் பணம் போச்சு!

வீட்டிலிருந்தே மஞ்சப்பை கொண்டுபோனால் பாலித்தீன் மிச்சம். பழம் வாங்கிய பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். ஐந்தருவிக் குரங்குகள் உங்களுக்கு முன்னாடியே ருசி பார்த்துவிடும்!

பேரம் பேசலாம், தப்பில்லை. ஆனால், ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைகளுக்கு வருஷத்தில் சில மாதங்கள்தான் வியாபாரம். சாரல் பொய்த்தால் கூட்டம் வராது. மழை கூடி வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை, அப்போதும் கூட்டம் வராது. கடைசிப் பத்து ரூபாய்க்காக மல்லுக்கட்டுவதைவிட, நல்ல பழமாகப் பொறுக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

அந்த மதுரைக் குடும்பம் ஒருவழியாக முடிவெடுத்தது. கீழ்வீட்டு அக்காவுக்குக் கிராம்பும் மிளகும், ஆபீஸுக்கு சிப்ஸ். அப்பத்தாவுக்கு போன் போட்டால், "எனக்கு ஒண்ணும் வேணாம்யா, பத்திரமா வந்து சேருங்க" என்று ஒரே பதில்.

பிள்ளைகள் அதற்குள் துப்பாக்கியை மறந்திருந்தார்கள். ஒவ்வொரு மங்குஸ்தானாகக் கவிழ்த்து இதழ்களை எண்ணி, ஏழு இதழ் உள்ள பழமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று கிடைத்ததும் சின்னவள் அதைத் தனியாகத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

"இது அப்பத்தாவுக்கு. உள்ள எத்தனை சுளைன்னு நான் பிரிக்காமலே சொல்லுவேன்!"