மவுஸை யார் பிடிப்பது?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடவேளை. டீச்சர் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவர். வட்டார வள மையத்திலிருந்து வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநருக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். அந்தப் பயிற்றுநர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அவர் வேலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். மடிக்கணினியை அவர் தொடவே இல்லை. “நீங்களே போட்டுக் குடுத்துடுங்க தம்பி” என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டும், “மேல இடது பக்கம் பாருங்க டீச்சர், அம்புக்குறி இருக்கு” என்பதோடு சரி. “நான் மவுஸைப் பிடிச்சா அது என் பாடமாயிடும் சார். நாளைக்கு நான் இருக்க மாட்டேன்” என்றார் பின்னால் என்னிடம்.

2018-இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறத் தொடங்கியபோது க்யூஆர் கோடுகளும் சேர்ந்து வந்தன. கணக்குப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ பகுதிக்குப் பெரும்பாலும் ஜியோஜீப்ராதான். ஆஸ்திரியாக்காரர் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய மென்பொருள் அது. பள்ளிகளுக்கு இலவசம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். சிக்னலுக்கு மொட்டை மாடி ஏற வேண்டிய ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. இதற்கெல்லாம் அரங்கப் பயிற்சி நடக்காமல் இல்லை. திரையில் கருத்தாளர் வேகமாகச் செய்து காட்டுவார், நடுவில் டீ வரும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் ஆகிவிடும். தன் வகுப்புக்குத் திரும்பிய ஆசிரியருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்பது மறந்திருக்கும்.

அன்றைய பாடம், முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல். டீச்சர் ஜியோஜீப்ராவில் ஓர் உச்சியைப் பிடித்து இழுக்க, கோணங்கள் மாறின. 48, 66, 67. “கூட்டுங்க” என்றார். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்: “டீச்சர், 181 வருது.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் பயிற்றுநரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டுமென்றே செய்ததுதான்.

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். 47.6, 65.7, 66.7 என்று எழுதி முதலில் அப்படியே கூட்டச் சொன்னார். 180 வந்தது. பிறகு ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கச் சொன்னார். 181 ஆகிவிட்டது. “கம்ப்யூட்டரும் இப்படித்தான் முழுசாக்கிக் காட்டுது” என்றவர், இப்போதுதான் பயிற்றுநரிடம் கேட்டார்: “தம்பி, தசமத்தோட காட்ட இதுல வழி இருக்கா?” அமைப்புகளுக்குள் போய் அதை மாற்றியதும் டீச்சரேதான். அடுத்த பத்து நிமிடம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உச்சியை இழுத்தார்கள், 180-ஐக் குலைத்துவிடும் வெறியோடு.

மென்பொருள் காட்டிய எண்ணைக் கேள்வி கேட்டது ஒரு சிறுமி. அதற்குப் பதில் சொன்னது கரும்பலகை. புதுக்கருவி வந்தால் பழைய ஆசிரியர் தேவையில்லை என்பவர்களை அந்த வகுப்பில் உட்காரவைத்திருக்க வேண்டும்.

இந்தப் பயிற்றுநருக்குத் தன் வட்டாரப் பள்ளிகளைச் சுற்றிவரவே நேரம் போதவில்லை. புள்ளிவிவரம் திரட்டுவதும் பதிவேற்றுவதும் நாளைத் தின்றுவிடுகின்றன. அரங்கப் பயிற்சிகளில் பாதியைக் குறைத்து, அந்த நாட்களில் இவரைப் போன்றவர்களை வகுப்பறைக்கு அனுப்புங்கள். புதுக் கருவி வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.