சாமி வந்தாச்சு, ஆறு?

தீவுக் கோயிலும் அருவியும் பார்க்க பாலித் தீவுக்கா போகணும்? எங்க ஆற்காட்டுப் பக்கம் ஒருநாள் வேன் டூரே போதும். காலையில் வேலூர்க் கோட்டை. சுற்றிலும் அகழித் தண்ணீர், நடுவே ஜலகண்டேஸ்வரர். நெடுங்காலம் மூலவரே இல்லாமல் கிடந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள்.

மதியம் அமிர்தி அருவி. மழை பெய்திருந்ததால் நல்ல குளியல்.

சாயங்காலம் கைடு தம்பி, ‘இதுதான் சார் பாலாறு’ என்றார். வேனில் இருந்த குட்டிப்பொண்ணு கேட்டாள்: ‘தண்ணி எங்கே அங்கிள்?’

மணல் போச்சு. மிச்சத்தில் தோல் கழிவு. தோல் தொழில் சோறு போடுது, மறுக்கலை. ஆனா, குடிக்கத் தண்ணி வேணுமே! உச்ச நீதிமன்றம் 1996-லும் சொன்னது, 2025-லும் சொன்னது.

சாமியையே திரும்ப அழைத்து வந்த ஊர் சார் இது. ஆற்றை அழைத்து வர முடியாதா?